வெளிச்சம் வந்தது, சேதி வரவில்லை

திருநெல்வேலியில் இருந்து நாகர்கோவிலுக்குச் சாலை வழியாக 80 கிலோமீட்டர் சொச்சம். கண்ணாடி இழைக் கேபிள் அப்படி நேராகப் போவதில்லை. ஒவ்வொரு ஜாயின்ட் குழியிலும் பத்திருபது மீட்டர் சுருட்டி வைத்திருப்பார்கள். பாலம் வந்தால் சுற்றிப் போகும். ஊருக்குள் எக்ஸ்சேஞ்ச் வரை நுழைந்துவிட்டுத் திரும்பி வரும். இழைக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து அளக்கும் ஓடிடிஆர் கருவி 92 கிலோமீட்டர் காட்டியது. அந்த 92 இன்னும் மறக்கவில்லை. 2007இல் மூன்று இரவு என்னைத் தூங்கவிடாமல் செய்த எண் அது.

அப்போது ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் டிரான்ஸ்மிஷன் பிரிவில் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்தப் பாதையில் எஸ்டிஎம்-16, அதாவது 2.5 ஜிகாபிட் லிங்க், வருடக்கணக்காக ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. டிராஃபிக் நிரம்பிவிட்டதால் 10 ஜிகாபிட் எஸ்டிஎம்-64 ஆக மாற்றச் சொன்னார்கள். பழைய கார்டைக் கழற்றிப் புதிய கார்டைச் செருகினால் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். தூரம் அதிகம் என்பதால் அனுப்பும் பக்கத்துக்கு ஒரு பூஸ்டர் ஆம்ப்ளிஃபயரும் வந்திருந்தது.

பவர் கணக்கை நானேதான் போட்டேன். ஒளியின் பவரை டிபிஎம்மிலும், அது கூடுவதையும் குறைவதையும் டிபியிலும் சொல்வோம். பூஸ்டரில் இருந்து கிளம்புவது 13 டிபிஎம். வழியில் கண்ணாடி இழையும், இழையோடு இழையை ஒட்டிய ஸ்பிளைஸும், கனெக்டரும் சேர்ந்து தின்பது 22 டிபி. வந்து சேர்வது மைனஸ் 9. ரிசீவருக்கு மைனஸ் 16 வந்தாலே போதும். கையில் 7 டிபி மிச்சம். இதைவிட வசதியான லிங்க்கை நான் அதுவரை பார்த்ததில்லை.

நள்ளிரவுக்கு மேல் மாற்றினோம். மீட்டரில் மைனஸ் 9.2. கணக்குப் போட்டபடியே வந்ததில் எனக்குப் பெருமை வேறு. லிங்க் எழுந்தது, உடனே எர்ரர் கொட்ட ஆரம்பித்தது. நூறு இருநூறு இல்லை, கவுன்டர் ஓடுகிற வேகத்தில் எண்ணைப் படிக்கவே முடியவில்லை. நடுநடுவே ஃபிரேமே தொலைந்துபோய் சிவப்பு விளக்கு எரிந்தது.

புதிதாக வேலைக்கு வந்தவன் என்னென்ன செய்வானோ அத்தனையும் செய்தேன். கனெக்டரைத் துடைத்தேன். பேட்ச் கார்டை, அதாவது கருவிகளை இணைக்கும் சின்ன இழையை, மாற்றினேன். கார்டை மாற்றினேன். அடுத்த ஜோடி இழைக்கு மாறினேன். ஓடிடிஆர் போட்டுப் பார்த்தால் கோடு சுத்தமாக இருக்கிறது. இரண்டாம் நாள் பூஸ்டரின் பவரை 2 டிபி ஏற்றிப் பார்த்தேன், எர்ரர் ஒன்றுகூடக் குறையவில்லை. அப்புறம் கார்டின் வெளியீட்டையும் உள்ளீட்டையும் நடுவில் ஒளியைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒன்றை வைத்து அங்கேயே லூப் செய்து, ரிசீவருக்கு அதே மைனஸ் 9 வருகிற மாதிரி வைத்தேன். விடியும்வரை ஒரு எர்ரர் இல்லை.

விடை அப்போதே என் கையில் இருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. அதே அளவு வெளிச்சம் அட்டெனுவேட்டர் வழியாக வந்தால் சுத்தம், 92 கிலோமீட்டர் இழை வழியாக வந்தால் குப்பை. அப்படியானால் குற்றம் வெளிச்சத்தின் அளவில் இல்லை. இன்றைக்கும் யாராவது "பவர் நன்றாக இருக்கிறது, எர்ரர் வருகிறது" என்று கூப்பிட்டால் இந்த இரண்டைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். பவரை ஏற்றி இறக்கிப் பார், அட்டெனுவேட்டரில் லூப் போட்டுப் பார்.

மூன்றாம் நாள் காலை, நாகர்கோவில் பக்கம் ஸ்பிளைஸ் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் டீ வாங்கிக்கொண்டு வந்தார். இருபது வருடத்துக்கு மேல் கேபிளோடு கிடந்தவர். படிப்பு ஐடிஐதான். நான் மீட்டரைக் காட்டிப் புலம்பியதை எல்லாம் கேட்டுவிட்டு, "தம்பி, வெளிச்சம் வந்து சேந்துட்டு. சேதி வந்து சேரல்ல" என்றார். பிறகு டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "திருச்செந்தூருக்கு நடந்து போயிருக்கீங்களா?" என்று கேட்டார்.

நான் போனதில்லை. அவர் வருடா வருடம் தைப்பூசத்துக்குப் போகிறவர். ஊரில் இருந்து கிளம்பும்போது ஒவ்வொரு குழுவும் தனித்தனியாகத்தான் கிளம்பும். முதல் குழு போய் அரை மணி கழித்து அடுத்தது. ஆனால் எல்லாரும் ஒரே வேகத்தில் நடப்பார்களா? வாலிபப் பையன்கள் முன்னால் போவார்கள், குழந்தையைத் தூக்கியவர்களும் வயசானவர்களும் பின்தங்குவார்கள். பத்து கிலோமீட்டர் வரை ஒன்றும் தெரியாது. ஐம்பதாவது கிலோமீட்டரில் முன்னால் போன குழுவின் கிழவரும் பின்னால் வந்த குழுவின் பையனும் ஒன்றாக நடந்துகொண்டிருப்பார்கள். யார் எந்தக் குழு என்று கடற்கரையில் நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? ஆள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள், குழுதான் கலைந்துபோயிற்று.

டிஸ்பெர்ஷன் என்று கல்லூரியில் பரீட்சைக்குப் படித்ததுதான். அன்றைக்குத்தான் புரிந்தது.

லேசர் ஒரே நிறத்தில் ஒளி விடுகிறது என்பது முழு உண்மை இல்லை. அதை நொடிக்கு ஆயிரம் கோடி முறை ஏற்றி இறக்கினால், அந்த வேகத்தாலேயே நிறம் கொஞ்சம் அகன்றுவிடும். 10 ஜிகாபிட்டில் ஏறத்தாழ 0.08 நானோமீட்டர் என்று வையுங்கள். 1550 நானோமீட்டரில், சாதாரண ஜி.652 இழைக்குள், இந்த அகலத்தின் நீல ஓரம் வேகமாகவும் சிவப்பு ஓரம் மெதுவாகவும் போகும். எவ்வளவு என்றால், ஒரு நானோமீட்டர் அகலமுள்ள ஒளி ஒரு கிலோமீட்டருக்கு 17 பிகோசெகண்ட் விரியும். 92 கிலோமீட்டருக்கு 1,564. நானோமீட்டருக்கு இத்தனை பிகோசெகண்ட் என்று முழுதாகச் சொன்னால் வாய் வலிக்கும், ஃபீல்டில் நாங்கள் 'பிகோ' என்போம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். 1,564ஐ 0.08ஆல் பெருக்கினால் 125 பிகோசெகண்ட். 10 ஜிகாபிட்டில் ஒரு பிட்டுக்கு உள்ள இடமோ 100 பிகோசெகண்ட். ஒரு பிட் அடுத்த பிட்டின் வீட்டுக்குள் முழுதாகப் போய் உட்கார்ந்துவிட்டது.

அப்படியானால் அதே இழையில் 2.5 ஜிகா எப்படி ஓடியது? வேகம் நாலில் ஒன்றாக இருந்தால் நிறத்தின் அகலமும் நாலில் ஒன்று, விரிவு 31 பிகோசெகண்ட்தான். பிட்டுக்கு உள்ள இடமோ நாலு மடங்கு, 400. நாலும் நாலும் பதினாறு. வேகத்தை நாலு மடங்காக்கினால் டிஸ்பெர்ஷன் பதினாறு மடங்கு கடிக்கும். "பழைய லிங்க் நன்றாகத்தானே ஓடியது" என்று நான் மேலதிகாரியிடம் மூன்று நாளும் சொல்லிக்கொண்டிருந்த வாதம் அத்தோடு செத்தது. கார்டின் டேட்டாஷீட்டை அப்புறம்தான் முழுதாகப் புரட்டினேன். பவர் பக்கத்துக்கு அடுத்த பக்கத்திலேயே இருந்தது: தாங்கும் டிஸ்பெர்ஷன் 800.

இதில் ஆம்ப்ளிஃபயருக்கும் பங்கு உண்டு. அதற்கு முந்தைய காலத்தில் ஐம்பது அறுபது கிலோமீட்டருக்கு ஒரு ரீஜெனரேட்டர் இருக்கும். வந்த ஒளியை மின்சாரமாக்கி, பிட்டைப் புதிதாகச் செதுக்கி, மறுபடி ஒளியாக்கி அனுப்பும். விரிவு எல்லாம் அங்கேயே அழிந்துவிடும், அடுத்த கட்டத்துக்குப் பூஜ்யத்தில் இருந்து கணக்கு. 1987இல் சவுத்தாம்ப்டனில் டேவிட் பெய்ன் குழுவினர் எர்பியம் ஆம்ப்ளிஃபயரைச் செய்துகாட்டிய பிறகு, ஒளியை ஒளியாகவே பெருக்க முடிந்தது. பெரிய வரம்தான். ஆனால் அது விரிந்த பிட்டை விரிந்தபடியே பெருக்கித் தரும். இழப்பு என்ற முதல் சுவர் விழுந்ததும் பின்னால் இருந்த இரண்டாவது சுவர் தெரிந்தது.

மதுரை ஸ்டோரில் டிசிஎம்-60 இருந்தது. டிஸ்பெர்ஷனை ஈடுகட்டும் பெட்டி. பெட்டி என்றால் உள்ளே மின்சாரம், சிப் எதுவும் கிடையாது. சுருட்டிய இழைதான். மையம் குறுகலாகவும் வேறு கலவையிலும் செய்த இழை, அதில் நீலம் மெதுவாகவும் சிவப்பு வேகமாகவும் போகும். கிலோமீட்டருக்கு மைனஸ் 100 அளவில். பத்து கிலோமீட்டர் சுருள் ஒன்று 60 கிலோமீட்டர் சாதாரண இழையின் விரிவைத் திருப்பிக் கட்டும். அண்ணாச்சியிடம் சொன்னேன். "அப்ப, பையன்களை மெதுவா நடக்க வச்சு கிழவனை ஓட வைக்கிற ரோடுன்னு சொல்லுங்க" என்றார். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இல்லை.

1,564இல் 1,020 கழிந்தால் மீதி 544. கார்டின் 800க்குள் வந்துவிட்டது. ரிசீவர் பக்கத்தில் பெட்டியைச் சேர்த்தோம், எர்ரர் நின்றது. கைதட்டாத குறை. அரை மணி கழித்து யாரோ பக்கத்து ரேக்கின் கதவைத் திறக்கும்போது பேட்ச் கார்டில் கை பட்டது, மறுபடி எர்ரர். மீட்டரைப் பார்த்தால் மைனஸ் 15.8. பெட்டி 6 டிபியைத் தின்றுவிட்டது என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. நான் பெருமைப்பட்ட அந்த 7 டிபி மிச்சம் இதற்குத்தான் போலிருக்கிறது.

சரி, எங்கே வைப்பது? கூட இருந்தவர் பூஸ்டருக்குப் பின்னால் வைக்கலாம் என்றார், அங்கேதான் பவர் நிறைய இருக்கிறதே என்று. அது வேலைக்காகாது. அந்த இழையில் ஒளி போகிற பரப்பு சாதாரண இழையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். 13 டிபிஎம்மை அந்தச் சந்துக்குள் திணித்தால் ஒளியே இழையின் குணத்தை மாற்றிப் புதுக் கோளாறு செய்யும். எங்கே வைத்தாலும் 6 டிபி போகத்தான் போகிறது. ஆனால் கார்டுக்கும் பூஸ்டருக்கும் நடுவில் வைத்தால் அந்த இழப்பைப் பூஸ்டர் விழுங்கிக்கொள்ளும். உள்ளே மைனஸ் 7 வந்தாலும் வெளியே அதே 13தான் விடும். அங்கே மாற்றினோம். ரிசீவரில் மறுபடி மைனஸ் 9.2, எர்ரர் பூஜ்யம்.

ஜீப்பில் ஒரே பெட்டிதான் கொண்டுவந்திருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. போகிற இழை வேறு, வருகிற இழை வேறு, இரண்டுக்கும் தனித்தனிப் பெட்டி வேண்டும். மதுரைக்கு மறுபடி ஆள் அனுப்பினோம்.

அன்றைக்கு ஒரு நோட்டு போட்டேன். பாதைவாரியாக நீளம், இழையின் வகை, சேரும் பிகோ, கழிக்கும் பெட்டி, பாக்கி. பலசரக்குக் கடையின் பற்று நோட்டு மாதிரிதான் இருக்கும். பாக்கியைப் பூஜ்யம் ஆக்க வேண்டும் என்று புதிதில் எல்லாருக்கும் ஒரு வெறி வரும், எனக்கும் வந்தது. வேண்டாம். சாதாரண இழையில் இந்த 10 ஜிகா லிங்க்குகளுக்குக் கொஞ்சம் பிளஸ் பாக்கி இருப்பதே நல்லது. பவர் அதிகமான ஒளி தானாகச் செய்துகொள்ளும் கோளாறை அந்தப் பாக்கி ஓரளவு சமன் செய்துவிடும். வழி நெடுகப் பூஜ்யமாக வைப்பது இன்னும் மோசம். ஜப்பானில் 1550இல் டிஸ்பெர்ஷனே பூஜ்யமாக வரும்படி செய்த ஜி.653 இழையை நிறையப் புதைத்தார்கள். ஒரே நிறம் போனவரை அருமை. ஒரே இழையில் பல நிறம் அனுப்பும் டபிள்யூடிஎம் வந்ததும், எல்லா நிறமும் ஒரே வேகத்தில் தோளோடு தோள் உரசி நடந்து, ஒன்றோடொன்று கலந்து, யாரும் அனுப்பாத புது நிறங்களைப் பிறப்பித்தன. டிஸ்பெர்ஷன் இருந்தால்தான் நிறங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். அதனால்தான் கொஞ்சம் விரிவை வேண்டுமென்றே வைத்து, கிலோமீட்டருக்கு 4 பிகோ அளவில், ஜி.655 இழை வந்தது.

அந்த ஜி.655தான் எனக்கு அடுத்த பாடம் நடத்தியது.

மதுரை–திருநெல்வேலி டபிள்யூடிஎம் லிங்க், நடுவில் சாத்தூரில் ஆம்ப்ளிஃபயர். முதல் கட்டம் 84 கிலோமீட்டர், இரண்டாவது 88. கேபிள் ரெக்கார்டில் முழுக்க ஜி.652. 2,924 பிகோ சேரும், இரண்டு டிசிஎம்-80 போட்டால் 2,720 கழியும், பாக்கி 204. நோட்டில் அழகாக எழுதியாயிற்று. போட்டோம், எர்ரர். இந்த முறை நான் புத்திசாலி அல்லவா, பெட்டி போதவில்லை என்று முடிவு செய்து இன்னும் ஒரு சின்னப் பெட்டியைச் சேர்த்தேன். எர்ரர் இன்னும் கூடியது. இது எனக்குச் சுத்தமாகப் பிடிபடவில்லை. வெறுப்பில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கும்போது, ஒரு டிசிஎம்-80ஐ எடுத்ததும் லிங்க் சுத்தமாகிவிட்டது.

காரணம் ஓடிடிஆர் படத்தில் முன்பே இருந்தது. மதுரையில் இருந்து பார்த்தால் சில ஜாயின்ட்டுகளில் கோடு கீழே இறங்காமல் மேலே ஏறியிருந்தது. ஸ்பிளைஸில் ஒளி எப்படிக் கூடும்? கூடாது. பெரிய மையத்தில் இருந்து சின்ன மையத்துக்குப் போகும் இடத்தில் திரும்பி வரும் ஒளி அதிகமாகத் தெரியும், அவ்வளவுதான். அதே ஜாயின்ட்டை எதிர்ப் பக்கத்தில் இருந்து பார்த்தால் அநியாயத்துக்கு இழப்பு காட்டும். இரண்டு பக்கமும் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் உண்மையான இழப்பு. நான் அந்த ஏற்றத்தைப் பார்த்தும் "இதெல்லாம் சகஜம்" என்று விட்டுவிட்டேன். ஒன்றிரண்டு இடத்தில் வந்தால் சகஜம்தான். ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி, ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வந்தால் அங்கே இழையின் வகை மாறுகிறது என்று அர்த்தம்.

விசாரித்தால் கதை வெளியே வந்தது. நான்கு வழிச் சாலை வேலைக்காகக் கேபிளைத் தோண்டி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அவசரத்துக்குக் கையில் இருந்த டிரம் ஜி.655. ரெக்கார்டைத் திருத்த யாருக்கும் நேரம் இல்லை. முதல் கட்டத்தில் 50 கிலோமீட்டரும் இரண்டாவதில் 48 கிலோமீட்டரும் அப்படி மாறியிருந்தது. உண்மையில் சேர்ந்தது 1,650 பிகோதான், நாங்கள் கழித்ததோ 2,720. பாக்கி மைனஸ் 1,070. கிழவர்களை ஓடவிட்டதில் அவர்கள் பையன்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். இரண்டு கட்டத்துக்கும் டிசிஎம்-40 போட்டோம், பாக்கி 290, தொந்தரவு தீர்ந்தது. அதற்குப் பிறகு ரெக்கார்டில் இழை வகையைப் பார்த்தால் நான் பென்சிலில்தான் எழுதிக்கொள்வேன். டிஸ்பெர்ஷன் மீட்டர் வைத்து அளந்த பிறகுதான் பேனா.

எல்லாக் கோளாறும் இப்படிக் கணக்கில் அடங்காது. முப்பந்தல் பக்கம் மின்கோபுரங்களின் மேல் போகும் கேபிளில் ஒரு 10 ஜிகா லிங்க் இருந்தது. காலையில் சுத்தமாக இருக்கும், பிற்பகலில் ஐந்து நொடி, பத்து நொடி எர்ரர் அடித்துவிட்டு நின்றுவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், காற்றாலைகளை அங்கே சும்மா நடவில்லை. ஆடியில் அம்மியும் பறக்கும் என்பார்கள், கோபுரத்துக்குக் கோபுரம் தொங்கும் கம்பி ஆடாமல் இருக்குமா? நாம் இதுவரை பேசிய விரிவு காலைக்கும் மாலைக்கும் பெரிதாக மாறாது. நேரத்துக்கு நேரம் மாறினால் சந்தேகப்பட வேண்டியது பிஎம்டியை. ஒளியின் இரண்டு துருவநிலைகளும் இழையில் வேறு வேறு வேகத்தில் போவது அது. இழை அழுந்தினாலும் முறுக்கினாலும் சூடேறினாலும் மாறும். 10 ஜிகாவுக்குச் சராசரியாக 10 பிகோசெகண்ட் வரைதான் தாங்கும். இதற்குப் பெட்டி வைத்து ஈடுகட்ட முடியாது, அது நிலையாக இருந்தால்தானே எதிர்க்கணக்குப் போடுவதற்கு? நாங்கள் மல்லுக்கட்டவில்லை. அந்த லிங்க்கைத் தரைக்கடியில் போகும் கேபிளுக்கு மாற்றிவிட்டு வந்தோம்.

2014 வாக்கில் சென்னை–திருச்சி பாதைக்கு 100 ஜிகா கொஹெரன்ட் கார்டுகள் வந்தன. அதற்குள் நான் சென்னைக்கு மாறியிருந்தேன். பழைய ரிசீவருக்கு ஒளி இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். இந்தக் கார்டு ஒளி அலையின் ஃபேஸையும் துருவநிலையையும் சேர்த்துப் படிக்கிறது. படித்ததை எண்ணாக்கி, சிப்பிலேயே கணக்குப் போட்டு விரிவைத் திருப்பிவிடுகிறது. பத்தாயிரக்கணக்கான பிகோவைக்கூட. பிஎம்டியையும் காற்றோடு காற்றாகத் துரத்திப் பிடிக்கிறது. ஏழெட்டு வருடம் நான் நோட்டில் எழுதிக் கூட்டிக் கழித்ததை அது நொடிக்கு நொடி செய்துகொண்டிருந்தது. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

முதலில் பெட்டிகளை அப்படியே வைத்து ஓட்டினோம். ஓடியது, ஆனால் மார்ஜின் குறைவு. பெட்டிகளை எடுத்துவிடச் சொன்னார் வந்திருந்த வென்டர் இன்ஜினியர். விரிவு நிறைய இருந்தால் பக்கத்து நிறங்களின் கோளாறு பரவிக் கரைந்துபோகும், கொஹெரன்டுக்கு அதுதான் சுகம். போதாததற்குப் பெட்டி தின்கிற இழப்பும் மிச்சம். ஒளி கிலோமீட்டருக்கு 5 மைக்ரோசெகண்ட் எடுக்கும், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பதின்மூன்று பதினாலு கிலோமீட்டர் சுற்றிவிட்டு வருகிற நேரமும் மிச்சம்.

ஒரு இரவில் நான்கு இடத்திலும் எடுப்பது என்று திட்டம். முதல் பெட்டியை எடுத்த சில நிமிடத்தில் கட்டுப்பாட்டு அறையில் இருந்து போன். ஒரு வங்கியின் லிங்க் விழுந்துவிட்டது. அதே இழையின் ஓரத்து நிறம் ஒன்றில் பழைய 10 ஜிகா ஓடிக்கொண்டிருந்ததை எங்கள் பட்டியலில் யாரும் எழுதவில்லை. அதற்கு அந்தப் பெட்டிகள்தான் உயிர். ஒன்றை எடுத்ததும் 1,360 பிகோ ஏறி, அது மூழ்கிவிட்டது. பெட்டியைத் திரும்ப வைத்து லிங்க்கை எழுப்ப நாற்பது நிமிடம் ஆனது. அடுத்த வாரம் முழுக்க விளக்கக் கடிதம் எழுதினேன். பிறகு அந்த 10 ஜிகாவைக் கொஹெரன்ட் கார்டின் வாடிக்கையாளர் போர்ட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் மறுபடி கைவைத்தோம். பெட்டியை எடுப்பதற்கு முன் அந்த இழையில் ஓடும் ஒவ்வொரு நிறத்தையும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் நேரில் எண்ணுங்கள். பட்டியலை நம்பாதீர்கள்.

இன்னொன்று, பெட்டி இருந்த இடத்தில் வெறும் பேட்ச் கார்டைப் போட்டு மூடிவிடக் கூடாது. அது இரண்டு கட்ட ஆம்ப்ளிஃபயரின் நடுவில் உட்கார்ந்திருந்த பெட்டி. ஏழெட்டு டிபி நடுவில் போகும் என்று எதிர்பார்த்துத்தான் ஆம்ப்ளிஃபயர் அமைத்திருக்கும். திடீரென்று அந்த இழப்பு காணாமல் போனால் ஒரு ஓரத்து நிறங்கள் தூக்கிக்கொண்டும் மறு ஓரம் தாழ்ந்தும் போகும். ஒன்று, அதே அளவு அட்டெனுவேட்டர் வையுங்கள். இல்லை, கெயினை, அதாவது எவ்வளவு பெருக்குவது என்பதை, புதிதாகக் கணக்கிட்டு அமையுங்கள். நாங்கள் முதலில் அட்டெனுவேட்டர் வைத்து ஓட்டிவிட்டு, நிதானமாகக் கெயினைச் சரிசெய்தோம்.

எல்லாம் முடிந்த பிறகு 100 ஜிகா கார்டின் திரையைப் பார்த்தேன். டிஸ்பெர்ஷன் 5,930 என்று அதுவே எழுதிக் காட்டியது. பாதை 348 கிலோமீட்டர், என் நோட்டுப்படி 5,916. பதினாலு பிகோ வித்தியாசம். இது இலவசமாகக் கிடைத்த டிஸ்பெர்ஷன் மீட்டர் என்று அப்போது தோன்றியது. அதன்பின் எந்தப் பாதையில் கொஹெரன்ட் கார்டு போட்டாலும் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு ரெக்கார்டோடு ஒப்பிட்டேன். ஒரு பாதையில் கணக்குக்கும் கார்டுக்கும் 600 பிகோ உதைத்தது. தோண்டிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது, அங்கேயும் எவனோ அவசரத்துக்கு வேறு டிரம்மைப் புதைத்திருக்கிறான்.

கழற்றிய பெட்டிகள் ஸ்டோரில் ஒரு மூலையில் அடுக்கிக் கிடந்தன. பழைய இரும்புக்காரர் வந்து எடை பார்த்துவிட்டு, உள்ளே கண்ணாடிதானே என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார். தூக்கிப்போடாமல் இரண்டு மூன்றை மட்டும் நான் எடுத்து வைத்தேன். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

போன வருடம் முன்பு என்னிடம் பயிற்சிக்கு இருந்த பையன் கூப்பிட்டான். இப்போது அவன் வேறு இடத்தில் இருக்கிறான். சென்னையில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே 100 ஜிகா. கொஹெரன்ட் விலை கட்டுப்படியாகாது என்று சுவிட்சில் நேரடியாகச் செருகும் பாம்4 வகை பிளக் வாங்கியிருக்கிறார்கள். "அண்ணா, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் போட்டாச்சு. பவர் நல்லா இருக்கு. லிங்க்தான் எழும்ப மாட்டேங்குது."

"எத்தனை கிலோமீட்டர்?"

"43."

"என்ன இழை? ரெக்கார்டுல இருக்கிறதைச் சொல்லாத, அளந்தியா?"

"அளந்தாச்சுண்ணா. 652தான்."

731 பிகோ. பாம்4 நாலு உயரங்களில் பேசுகிற மொழி. 10 ஜிகா தாங்கிய 800 எல்லாம் அதற்குக் கனவு, நூறுக்குள் வைத்தால்தான் வேலை செய்யும். ஆறேழு கிலோமீட்டரிலேயே மூச்சு முட்டும். டேட்டாஷீட்டில் அடுத்த பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், "டிசிஎம் எல்லாம் இப்ப எங்கண்ணா கிடைக்கும்?" என்றான்.

புதிதாகவே கிடைக்கும், இழைக்குப் பதில் கிரேட்டிங் வைத்து இழப்பு குறைவாகச் செய்ததும் உண்டு, ஆர்டர் போட்டால் வரும் என்றேன். வருகிறவரை ஓட்டிப் பார்க்க என்னிடம் ஒரு டிசிஎம்-40 கிடந்தது. 680 கழியும், பாக்கி 51. மறுநாள் போய்த் தூசி தட்டி எடுத்தேன். கனெக்டரைத் துடைத்து, லேபிளை நம்பாமல் மீட்டரில் போட்டு அளந்தேன். மைனஸ் 683. பெட்டியின் மேல் பென்சிலில் இருந்த பழைய எண்ணை அழித்துவிட்டு இதைப் பேனாவால் எழுதி, பையனின் பைக்கில் கட்டிவிட்டேன். குழி விழுந்த சாலையில் மெதுவாகப் போ என்று மட்டும் சொன்னேன், உள்ளே ஏழு கிலோமீட்டர் கண்ணாடி இருக்கிறது.